சட்டையைப் பிடித்த நான்கு விரல்கள்

அத்தியாயம் 17

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக் குடும்பப் படம் பெரியவளின் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்ததைப் போன வாரம் பார்த்தோம்.

அந்தப் படத்தைப் பலகையில் செதுக்கி மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் மாட்டக் கொடுப்பதாக ஏற்பாடு. யோசனை சின்னவளுடையது. கல்யாணப் பெண் அவள்தான். வயது முப்பத்து மூன்று. ஏழு பேர் வந்து பார்த்து, சிரித்து, டீ குடித்து, 'சொல்லி அனுப்புறோம்' என்று போய்விட்டார்கள். எட்டாவதாக வந்த லிஃப்ட் மெக்கானிக் மட்டும் அவள் முகத்தைப் பார்த்து, "எனக்குச் சம்மதம். உங்களுக்கு?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அப்பா, அம்மா இல்லை. பெரியவள், அவளுக்கு அடுத்து தம்பி, கடைசியாகச் சின்னவள் என்று மூன்று பேர். மாடியில் வீடு, கீழே பட்டறை. பெரியவள் கம்ப்யூட்டரில் கோடு போடுவாள். அந்தக் கோட்டின்படி தம்பி சி.என்.சி. மிஷினில் மரத்தை வெட்டுவான். சின்னவள் அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இதுவரை போய் வந்தது தம்பி மட்டும். அக்கா, தங்கை கிளம்பிய அன்று, 'அங்கே பெயின்ட் அடிக்கிறார்களாம்' என்று நிறுத்திவிட்டான்.

இதுவரை நடந்த கதை இவ்வளவுதான். இன்று காலை ஒன்பது மணிக்குப் பெரியவள் படத்தைத் திறந்தாள்.

படத்தில் மூன்று பேர். சோபாவில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும். சோபாவின் ஓரத்தில் நின்றபடி மாப்பிள்ளை. அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவு காலி இடம். பின்னால் கோடு போட்ட திரைச்சீலை.

"அந்தக் காலி இடத்துல சின்னவளை நிக்க வெச்சிடு. அளவெடுத்து விட்ட மாதிரி இருக்கு" என்று தம்பி சொல்லியிருந்தான்.

மிஷினுக்குப் போட்டோ புரியாது. இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்குப் போ, இவ்வளவு ஆழம் இறங்கு என்றால் போகும், இறங்கும். அதனால் போட்டோவில் இருப்பதையெல்லாம் கோடாக மாற்றிக் கொடுக்க வேண்டும். எது கோடு, எது வெறும் நிழல் என்று முடிவு செய்வதுதான் வேலை. கம்ப்யூட்டர் தானாகவே செய்துவிடும் என்பார்கள். செய்யும். அது செய்த முகத்தை மரத்தில் பார்த்தால் அம்மை போட்டு எழுந்த மாதிரி இருக்கும்.

பெரியவள் கையால் இழுப்பாள். பதினாறு வருஷமாக அப்படித்தான். அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருவர் முன்னால் இன்னொருவர் நிற்பதாக இருந்தால், பின்னால் நிற்பவரை முதலில் முழுதாக வரைவாள். மறையப்போகிற தோள், மறையப்போகிற இடுப்பு, எல்லாவற்றையும். அதன் மேல்தான் அடுத்த ஆளை வைப்பாள். இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள் என்பது அவள் கட்சி.

தம்பிக்கு இது பிடிக்காது. "மறையப்போற இடத்துக்கு மாஞ்சு மாஞ்சு வரையிற ஒரே ஆள் நீதான்க்கா" என்பான்.

மாப்பிள்ளையின் முகம் பத்தரைக்கு முடிந்தது. நல்ல முகம். அதிகம் கோடு கேட்காத முகம். பிறகு காலர், பொத்தான்கள், சந்தன நிறச் சட்டை. வலது கை சோபாவின் மேல். இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். அந்த இடது கைக்குப் பின்னால், சட்டையின் கீழ் ஓரத்தில் சில மடிப்புகள்.

சின்னவள் வந்து நின்றால் அந்த மடிப்புகள் மறைந்துவிடும். பெரியவள் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அவற்றையும் இழுத்தாள்.

துணி மடிப்பின் கோடு ஓரிடத்தில் தொடங்கி, போகப்போக மெலிந்து, ஒன்றுமில்லாமல் போகும். இந்தக் கோடுகள் மெலியவில்லை. திரும்பின. நான்கு கோடுகள், நான்கும் ஒரே மாதிரி நுனியில் வளைந்து திரும்பின.

கோடுகளுக்கு அடியில் இருந்த போட்டோவை மறைத்தாள். கோடுகள் மட்டும் வெள்ளைத் திரையில் நின்றன.

நான்கு விரல்கள். சின்ன விரல்கள். மாப்பிள்ளையின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.

பிடித்திருந்த ஆளைக் காணோம்.

நாற்காலி தானாகப் பின்னால் உருண்டது. கால் தரையைத் தள்ளியிருக்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து கைகளை எண்ணினாள். அப்பாவின் இரண்டு கைகள் முழங்காலில். அம்மாவின் இரண்டு மடியில். மாப்பிள்ளையின் இரண்டு சோபாவிலும் பாக்கெட்டிலும். மூன்று பேர், ஆறு கைகள். எல்லாம் கணக்கில் வந்துவிட்டன.

இது ஏழாவது கை. அம்மாவின் விரலோடு வைத்துப் பார்த்தால் பாதி கூட இல்லை.

போட்டோவை மறுபடி கொண்டுவந்தாள். இப்போது காலி இடத்தைப் பார்த்தாள். திரைச்சீலையில் மேலே ஒரு சின்னக் கறை. சற்றுக் கீழே அதே கறை. அதற்குக் கீழே மறுபடி அதே கறை. கடைசியில் ஒன்று, தரைக்குப் பக்கத்தில். ஒரே அளவு, ஒரே வடிவம்.

அந்த இடத்தில் இருந்த ஒருவரை அழித்து, மேலேயிருந்து திரைச்சீலையை எடுத்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். வேலை தெரிந்தவன் நாலு இடத்திலிருந்து எடுப்பான். தெரியாதவன் ஒரே இடத்திலிருந்து எடுப்பான், மாட்டிக்கொள்வான்.

இடது மேல் மூலை. எப்போதும் எடுப்பது இடது மேல் மூலையிலிருந்துதான். 'வேற இடமே கிடைக்கலையாடா உனக்கு?' என்று இந்த எட்டு வருஷத்தில் எத்தனை முறை தம்பியைத் திட்டியிருப்பாள். அழிக்கக் கற்றுக் கொடுத்ததே அவள்தான்.

 இது மாப்பிள்ளை வீட்டில் நடந்த வேலை இல்லை. இந்த நாற்காலியில் உட்கார்ந்து, இந்த மவுஸைப் பிடித்து நடந்த வேலை.

 கஷ்டமான இடங்களைக் கழிவுப் பலகையில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பது பட்டறையின் வழக்கம். சட்டையின் அந்தத் துண்டை மட்டும் பிரித்து, இரண்டு மடங்காக்கி, ஃபைலை மிஷினுக்கு அனுப்பினாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

தம்பி காதை மூடும் கவசத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு, மரம் வெட்டும் பிட்டை மாற்றிக்கொண்டிருந்தான்.

"ட்ரையல் ஒண்ணு அனுப்பியிருக்கேன்."

"என்னது, மூக்கா, காதா?"

"வெட்டு. தெரியும்."

"மாப்பிள்ளை மூக்கா இருந்தா பெரிய பலகை வேணுமேக்கா" என்று சிரித்தான். பலகையை இறுக்கிவிட்டு மிஷினை ஓட்டினான்.

ஆறு நிமிஷ வேலை. பிட் மரத்தில் இறங்கிச் சுற்றியது. தூசி உறிஞ்சும் குழாய் கூடவே போனது. முதல் கோட்டுக்கு அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதற்குப் பலகையைப் பார்த்தான். மூன்றாவது திரும்பும்போது அவன் கை சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அமுக்கவில்லை. அங்கேயே நின்றது.

மிஷின் முடித்துத் தானாக ஒதுங்கியது.

அவன் பலகையைத் துடைக்கவில்லை. பெரியவள் பிரஷை எடுத்துத் தூசியைத் தள்ளினாள். நான்கு விரல்கள், நகத்தோடு.

"இது என்னன்னு நீ கேக்கவே இல்லையே" என்றாள்.

தம்பி சிவப்புப் பொத்தானிலிருந்து கையை எடுத்தான்.

"அழிச்சவன் ஒழுங்கா அழிக்க வேண்டாமா?" என்றாள். "யாரு குழந்தைடா?"

"அக்கா, கொஞ்சம் மெதுவா..."

"மிஷினே நின்னுபோச்சு. இதுக்கு மேல என்ன மெதுவா?"

"அவரு பொண்ணு." அவன் கவசத்தைக் கழற்றி மேஜையில் வைத்தான். "ஏழு வயசு. பொண்டாட்டி செத்து நாலு வருஷமாச்சு. முதல் நாளே என்கிட்ட சொல்லிட்டாரு. எதையும் மறைக்கல. 'உங்க தங்கச்சிகிட்ட நானே சொல்றேன்'னாரு. நான்தான், 'நீங்க சொல்லாதீங்க, நான் பக்குவமா சொல்லிக்கறேன்'னேன்."

"சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? அறுபதாம் கல்யாணத்துலயா?"

வாசல் ஷட்டர் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் திரும்பினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே சின்னவள் வந்துவிட்டாள். இன்று கடையில் கூட்டம் இல்லை.

"என்ன, ரெண்டு பேரும் சண்டைக் கோழி மாதிரி நிக்கிறீங்க? என் ஆளு மரத்துல வந்துட்டாரா, இல்லையா?"

பலகையை மறைக்கத் தம்பி ஓர் அடி வைத்தான். அந்த ஓர் அடிதான் தப்பு. அவள் கண் நேராக அங்கே போயிற்று.

கையில் எடுத்தாள். நாள் முழுக்க அரை மில்லிமீட்டர் பார்த்துப் பழகிய கண். அதிக நேரம் எடுக்கவில்லை.

"குழந்தை கை" என்றாள். "இது அவரோட சட்டை. சரி, இது யாரு?"

தம்பி பிட்டைக் கழற்றக் குனிந்தான்.

"அக்கா, உன்னைத்தான் கேக்கறேன்."

பெரியவள் தம்பியைப் பார்த்தாள். "நீயே சொல்லு. உன் வாயால சொல்லு."

அவன் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, படத்தில் குழந்தையை அழித்தது வரை மூன்று வரியில் சொன்னான்.

சின்னவளின் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. வெளுத்துப்போகவில்லை, கண் கலங்கவில்லை. அச்சடித்த மாதிரி அப்படியே இருந்தது. அதைப் பார்க்கத்தான் பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

"போன வாரம் போன்ல ஒண்ணு சொன்னாரு" என்றாள் கடைசியில். "'நீங்க ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம்'னாரு. அவரோட நைட் டியூட்டியைத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். 'அதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க, பழகிடும்'னு சொன்னேன், அண்ணா. பழகிடும்னு சொல்லியிருக்கேன்."

"உன் நல்லதுக்குத்தான்..."

"பேசாத."

"ஏழு பேரு வந்துட்டுப் போனாங்க. ஒவ்வொரு தடவையும் நீ ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திப்பே. வெளியில நின்னு பார்த்தவன் நான். இது தெரிஞ்சா நீயே வேண்டாம்னுடுவே. அதான்..."

"நான் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். சரின்னும் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியவ நான்தானே? அதை ஏன் நீ சொன்னே?"

அவன் மேஜையிலிருந்த கவசத்தை எடுத்தான், மறுபடி வைத்தான்.

"அழிக்காத படம் இருக்கா?"

"எதுக்கு இப்போ..."

"காட்டு."

போனை வாங்கிப் பார்த்தாள். பெரியவளும் எட்டிப் பார்த்தாள். அதே சோபா, அதே திரைச்சீலை. காலி இடத்தில் ஒரு பெண் குழந்தை. வெள்ளை கவுன், எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை. முன்பல் ஒன்று இல்லை. படம் எடுத்த நொடியில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டிருந்தது.

"கண்ணை மூடிட்டா" என்றாள் சின்னவள்.  போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வண்டிச் சாவி" என்று கையை நீட்டினாள்.

"எங்கே?"

"அங்கதான்."

தம்பியின் முகம் அப்போதுதான் உண்மையிலேயே மாறியது. "இப்ப வேண்டாம். நான் போய் முதல்ல பேசிட்டு வரேன். அவரு வேலைக்குப் போயிருப்பாரு."

"அவரைப் பாக்கப் போகல."

"சொல்றேன்ல, இன்னிக்குப் போகாத!" ஷட்டருக்குக் குறுக்கே போய் நின்றான். நெற்றியில் வேர்த்திருந்தது.

பெரியவள் அதைக் கவனித்தாள். எல்லாம்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் எதற்குப் பயப்படுகிறான்? கேட்க நேரமில்லை. ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தாள்.

"தள்ளுடா" என்றாள். அவன் தள்ளினான்.

மாப்பிள்ளையின் வீடு நான்காவது மாடி. அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் இல்லை. வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே சின்னவள் ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பாள். இன்று படிகளைப் பார்த்தபடி ஏறினாள். மூன்றாவது மாடியில் மட்டும் ஒருமுறை நின்றாள்.

"மூச்சு வாங்குதா?" என்றாள் பெரியவள்.

"இல்ல. என்ன பேசணும்னு தெரியல."

"எனக்கும் தெரியல. ஏறு."

சுவர்களில் எங்கும் புது பெயின்ட் இல்லை. மணியை அடித்தார்கள்.

கதவைத் திறந்தது குழந்தை. படத்தில் இருந்ததைவிட ஒல்லி. பல் பாதி முளைத்திருந்தது. கையில் ஒரு மார்க்கர் பேனா. அதன் பின்னால் கூடத்தில் புத்தம் புது இரும்புப் பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. இரண்டு துண்டு, ஒரு போர்வை, மடித்த யூனிஃபார்ம், உறை பிரிக்காத பிரஷ். பெட்டியின் மூடியில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. பாதி சாமான்களுக்கு மார்க்கரால் டிக் போட்டிருந்தது.

குழந்தை சின்னவளை அண்ணாந்து பார்த்தது. போட்டோவில் பார்த்த முகம், யாரென்று தெரிந்துவிட்டது. ஓர் அடி பின்னால் போனது.

"யாரும்மா?" என்றபடி உள்ளேயிருந்து வந்தார் மாப்பிள்ளையின் அம்மா. பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு அவசரமாகப் பெட்டியை மூடப் போனார், பாதியில் விட்டார், குழந்தையைத் தன் பின்னால் இழுத்தார். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தார்.

"வாங்க, வாங்க. சொல்லியிருந்தா... இவளை மேல் வீட்டுல விட்டிருப்பேனே. தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுடுவோம். இன்னும் நாலே நாள்தான். நீங்க சொன்ன மாதிரியே, கல்யாணத்துக்கு முன்னாடியே."

"நான் சொன்ன மாதிரியா?" என்றாள் சின்னவள்.

"ஆமாம்மா. உங்க அண்ணன் வந்து சொன்னாரே. கல்யாணத்துக்குச் சம்மதம், ஆனா குழந்தை வீட்டுல இருக்கக் கூடாதுன்னு நீங்க கண்டிஷன் போட்டிருக்கீங்கன்னு. அந்தப் பேச்சையே உங்ககிட்ட எடுக்க வேண்டாம், கோபம் வரும்னும் சொன்னாரு."

பெரியவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் நெற்றி வேர்வை கண் முன்னால் வந்தது. இதற்குத்தான் குறுக்கே நின்றிருக்கிறான்.

குழந்தையைத் தங்கையிடம் மறைத்தான் என்று நினைத்திருந்தாள். அவன் அதோடு நிறுத்தவில்லை. வீட்டிலிருந்தே எடுத்துவிடப் பார்த்திருக்கிறான். பேர் மட்டும் தங்கை பேர்.

"அவரு?" என்றாள் சின்னவள். "அவரும் இதுக்கு ஒத்துக்கிட்டாரா?"

"மூணு நாள் சரியா சாப்பிடல. அப்புறம் சரின்னுட்டான்." அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒரு வருஷம் ஹாஸ்டல்ல இருக்கட்டும், அப்புறம் கூட்டிக்கலாம்னு சொன்னான். உங்களையும் விட மனசில்ல போல."

"நான் போட்டோவுல மட்டும் இருந்துக்கட்டுமான்னு கேட்டேன்" என்றது குழந்தை, அவர் இடுப்புக்குப் பின்னாலிருந்து. "மரத்துல செய்யிற போட்டோவுல. அதுவும் வேணாம்னு சொல்லிட்டீங்களாம்."

"நீ சும்மா இரு" என்றார் அம்மா.

 குழந்தை மார்க்கரை மூடிவிட்டு, பழகிப்போன ஒரு விஷயத்தைக் கேட்பது போல் கேட்டது: "நான் இப்ப உள்ள போயிடணுமா?"

  சின்னவள் தன் போனில் மாப்பிள்ளையின் நம்பரைத் தேடினாள். இரண்டு முறை தப்பாக அமுக்கி, மூன்றாவது முறை சரியாக அமுக்கினாள். நான்காவது ரிங்கில் மாப்பிள்ளை எடுத்தார். அந்தப் பக்கம் ஒரு மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

"நான்தான். உங்க வீட்டுலதான் நிக்கிறேன்" என்றாள். "கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு எனக்கு இப்பத் தெரியல. அதை அப்புறம் பேசுவோம். ஹாஸ்டல் வேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. அப்படி ஒரு வார்த்தை நான் சொல்லவே இல்ல. உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கான்னே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்."

போனில் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. யாரோ அதை அணைத்தார்கள். 

"கேக்குதா?" என்றாள் சின்னவள்.

"காலையிலதானா?" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் மாதிரியே இல்லை. "அப்போ... நான் யாருக்காக இவ்வளவும் செஞ்சேன்?"

 அம்மா பெட்டியை மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். குழந்தை கதவோரத்தில் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. உள்ளே போக வேண்டுமா, வேண்டாமா என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.